அசைந்தால் பதிவாகும்

நான் கேமராப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் என் நாத்தனார் போட்ட சத்தத்தில், என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் யாருக்கோ வைத்திருந்த பிராணவாயுக் குழாயை நான் உருவிவிட்டதைப் போல அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி என்றால் அப்படியொரு பிடி. அந்தப் பிடியைப் பற்றித்தான் போலீசில் புகாரே கொடுத்திருந்தார்கள்.

அவள் வேலை பார்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பெற்றோர் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலை முடிந்ததும் அழைத்துப் போவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அங்கே இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. எங்கே இடம் கிடைத்தாலும் தொற்றி ஏறிவிடும் என்பதால் அதற்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். சுண்டெலி நாற்காலியில் ஏறி விழுந்துவிட்டாள், நான் பக்கத்திலேயேதான் இருந்தேன் என்றாள் நாத்தனார். இவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றார் காப்பகத்தை நடத்தும் அம்மாள். அதைக் கேட்டுச் சுண்டெலியைப் பெற்றவர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. வேண்டுமென்றே செய்தாள் என்று முடிவானால் நாத்தனார் உள்ளே போக வேண்டியதுதான்.

குழந்தைகள் விளையாடும் அறையில் ஒரு கேமரா இருந்தது. அது எடுக்கும் படம் எல்லாம் அதே அறையில் அலமாரி மேலிருந்த ஒரு பதிவுப் பெட்டிக்குள், அதிலுள்ள ஹார்ட் டிஸ்க்கில் சேரும். சனிக்கிழமை காலை அந்தப் படத்தைப் போலீசுக்காகப் பென் டிரைவில் எடுக்கப் போனார் அந்த அம்மாளின் கணவர். பென் டிரைவை ஃபார்மட் செய்தால்தான் ஏற்றுக்கொள்வேன் என்றது பெட்டி. திரையில் டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு என்று இரண்டு வரி. மனிதர் முதல் வரியை அமுக்கி, நிச்சயமாகவா என்று அது கேட்டதற்கும் ஆமாம் சொல்லிவிட்டார். காலியானது பென் டிரைவ் அல்ல. வேண்டுமென்றேதான் அழித்தார்கள் என்று நாத்தனார் குதித்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டுமென்றே அழிப்பவர்களைவிட உதவி செய்யப் போய் அழிப்பவர்களால்தான் என் கடையே ஓடுகிறது.

ஆம், அழிந்த டிஸ்க்குகளை மீட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஃபார்மட் ஆன அன்றே நாத்தனார் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் வாயைத் திறந்தால் குத்திக் காட்டுகிறேன் என்பாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாலே எனக்குக் குத்தும். ஆகவே அண்ணியிடம் போய் நிற்பதைவிடக் காவல் இருப்பதே மேல் என்று, அந்தப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் வந்து எடுக்கும்வரை ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது. மாடியில் குடியிருந்த அந்த அம்மாளும், உட்கார்ந்துக்கோ எனக்கென்ன என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் என் கணவர் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். நான் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"ஏன் அண்ணி பிடுங்குனீங்க? யாரும் தொடக்கூடாதுன்னுதானே நேத்துலேர்ந்து நகராம உக்காந்திருக்கேன்?"

"கையை விடு, சொல்றேன்."

விடவில்லை. அவள் பிடியில் இருந்தபடியே சொன்னேன். ஃபார்மட் செய்ததால் படம் போய்விடாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் வீடு இடிந்தா போகும்? ஆனால் பெட்டி அந்த வீடு காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக எடுக்கும் படத்தை முதல் அறையிலிருந்து வரிசையாகக் குடிவைக்கிறது. குடிவந்த இடத்தில் பழைய படம் இருக்காது. பழைய டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டதால் வெள்ளிக்கிழமை காலையில்தான் அங்கே புது டிஸ்க் மாட்டியிருந்தார்கள். அதனால் சுண்டெலி விழுந்த படம் டிஸ்க்கின் முன்பக்கத்திலேயே, முதலில் அடிபடுகிற இடத்தில் இருந்தது.

"அதுவும் இந்த கேமரா சும்மா ஓடாது. ஆள் அசைஞ்சாத்தான் பதிவு பண்ணும். நீ கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருந்தா ஒண்ணும் ஏறியிருக்காது. நீ உக்காந்திருந்ததுதான் ஏறியிருக்கு. அந்தப் படத்து மேலேயே."

அவள் என் கையை விட்டாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள். அசையாமல் நின்றாள், பெட்டிதான் அணைந்துவிட்டது என்பதையே மறந்துவிட்டு. எனக்குச் சுருக்கென்றது. இதையே கொஞ்சம் தணிந்த குரலில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தணிந்த குரல் எனக்கு எப்போதும் அரை மணி தாமதமாகத்தான் வரும்.

விசாரணை அதிகாரிக்குப் போன் செய்தேன். காப்பகத்துக்காரர்கள் முன்னிலையில் டிஸ்க்கைக் கழற்றி, அங்கேயே ஒரு நகல் எடுத்துவிட்டு, அசலை உறையில் போட்டு ஒட்டி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பொம்மைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து என் கருவியில் டிஸ்க்கை மாட்டினேன். அது படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. அந்த அம்மாள் வாசல் நிலையில் சாய்ந்தபடி கண்ணெடுக்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நகலாகும் கோடு திரையில் ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

கடைக்கு வந்து நகலைத் திறக்கும்போது நாத்தனார் மூலையில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். என் கணவர் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்குச் சாதகமாக இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் மீட்க முடியவில்லை என்று சொல்லிவிடலாமே என்றார். உன்னைத் தவிர யாருக்குத் தெரியப் போகிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"நல்லதுக்கு ஒரு படம், கெட்டதுக்கு ஒரு படம்னு என் கடையில கிடையாது. இருக்கிறது வரும். வர்றதைக் குடுப்பேன்."

"அவ என் தங்கச்சிம்மா."

"அந்தக் குழந்தைக்கு ரெண்டரை வயசு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். நாத்தனாருக்கு மூக்கின் மேல் கோபம். சற்று முன்பு என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. பெரியவள் எனக்கே இப்படி என்றால் ஒரு பிஞ்சுக் கை என்ன ஆகும்? அவளை எனக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவள் அப்படிச் செய்திருக்கக்கூடாதே என்று நான் அன்றைக்கு வேண்டிக்கொண்டதைப் போல வேறெதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

துண்டு துண்டாகப் படங்கள் வரத் தொடங்கின. எதற்கும் பெயரில்லை. டிஸ்க்கில் கிடந்த வரிசையிலேயே அடுக்கினேன். முதல் துண்டு: நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் மூலையில் சனிக்கிழமைத் தேதி. இரண்டாவது துண்டிலும் நாத்தனார். மூன்றாவதிலும் அவளே. கொட்டாவி விடுகிறாள். எழுந்து போய்ப் பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். அந்தப் பச்சை விளக்கை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

மேலே போகப் போகச் சனிக்கிழமை இருட்டி, ஞாயிறு விடிந்தது. வெள்ளிக்கிழமை வரவே இல்லை. ஒரு துண்டில் அவள் அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. புறங்கையால் துடைத்துக்கொள்கிறாள், அந்த அசைவு பதிவாகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறாள்; படம் நின்றுவிடுகிறது. மறுபடி துடைத்துக்கொள்கிறாள், மறுபடி ஓடுகிறது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தன் கண்ணீரைக் கொண்டே அழித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு துண்டில் அவள் கை தன் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல் தட்டுகிறாள். உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு தடவல். என் மகளைத் தூங்க வைத்ததும் இந்தத் தட்டுதான். நான் விடிய விடியத் தட்டினாலும் கொட்டக் கொட்ட விழித்திருப்பவள், அத்தை தட்டினால் சொக்கிவிடுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன்.

கடைசித் துண்டுக்கு வந்தோம். நாற்காலியில் நாத்தனார். கதவு திறக்கிறது. நான் உள்ளே வருகிறேன். நேராகக் கேமராவை நோக்கி வந்த என் முகம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. இந்த முகத்தோடா நான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன் என்று எனக்கே திக்கென்றது. என் கை நீள்கிறது.

அடுத்த நொடி, அதே அறையில், நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. தரையில் சுண்டெலி கிடந்தாள். மூலையில் வெள்ளிக்கிழமைத் தேதி.

நாத்தனார் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். விழுந்த நொடி இல்லை. அதன் மேல்தான் நான் விறுவிறுவென்று நடந்து வந்த படம் ஏறி உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதுவும் இருந்திருக்காது. நான் மேலே ஓடவிட்டேன்.

சுண்டெலியின் இடது கை உடம்புக்கு அடியில் தப்பான கோணத்தில் மடங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது, அழுகிறாள், ஆனால் அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. சுற்றிலும் ஏழெட்டுக் குழந்தைகள். பெரியவர் ஒருவரும் இல்லை. ஒரு குழந்தை ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறது. மஞ்சள் சட்டை போட்ட ஒன்று அவளருகில் போய்க் குந்துகிறது. கதவு திறக்கவில்லை. நானும் என் கணவரும் அந்தக் கதவையே பார்த்தோம். எவ்வளவு நேரமோ. அப்புறம் கதவு திறந்து, இடுப்பில் இன்னொரு குழந்தையை வைத்துக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். அவள் உடையெல்லாம் ஈரம். இடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு ஓடினாள், பதற்றத்தில் சுண்டெலியின் கையைப் பற்றித் தூக்கினாள். அதே சமயம் வாசலில் காப்பகத்து அம்மாள் வந்து நின்றார். அவர் பார்த்தது அந்தத் தூக்கலைத்தான். பொய் சொல்லவில்லை அவர், பாதியைப் பார்த்திருக்கிறார்.

என் கணவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நீ வர்றதுக்கு முன்னாடியே கை போயிருக்கு, நீ தப்பிச்சேம்மா என்று தங்கையிடம் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"இதைக் குடுக்காதீங்க அண்ணி."

எனக்குச் சுருசுருவென்று ஏறியது. என்ன உளறுகிறாய், இதைவிட உனக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் திரையை நோக்கிக் கையைக் காட்டினாள். ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது, அதைக் கழுவிவிடக் குளியலறைக்குப் போயிருந்தாள். கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பால் வாங்கி வர அந்த அம்மாள் அனுப்பியிருந்தார். ஒருத்தி எத்தனை பேரைப் பார்ப்பாள்? அதுவரை எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

"ஆஸ்பத்திரியில சுண்டெலியோட அம்மா என்னைப் பிடிச்சிட்டுக் கேட்டாங்க. விழுந்தப்ப எம் பொண்ணு தனியா கிடந்தாளான்னு. அவங்க முகத்தைப் பாத்து ஆமான்னு சொல்ல வரல அண்ணி. இல்ல, நான் பக்கத்துலேயே இருந்தேன், உடனே தூக்கிட்டேன்னு சொல்லிட்டேன். போலீஸ்லயும் அதையே சொன்னேன். இப்ப இதைப் பாத்தா, அவ இவ்வளவு நேரம் தனியா கிடந்து அழுததை அந்தம்மா பாப்பாங்க."

"உன் மேல புகார் குடுத்ததே அவங்கதானே?"

"குடுக்கட்டும். பெத்தவங்க."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நல்லதுக்கொரு படம் கெட்டதுக்கொரு படம் என்று சற்று முன் முழங்கியவள் நான்தானே. கடைசியில், நாளைக்கு நான் இதைக் கொடுக்கத்தான் போகிறேன், அதற்கு முன்னால் சுண்டெலியின் அம்மாவிடம் நீயாகச் சொல்வதானால் சொல்லிக்கொள் என்றேன். அரை மணி தாமதமாகத் தணிந்த குரல் வந்து, அவளுக்குக் காபி வேண்டுமா என்றும் கேட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் காப்பகத்துத் தம்பதி. எதிரே சுண்டெலியின் அப்பாவும் அம்மாவும். அந்தப் பெண்ணின் கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. நாத்தனாரைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி என் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். நான் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்து சுண்டெலியின் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அவ விழுந்தப்ப நான் அங்க இல்ல. நான் வர்ற வரைக்கும் அவ தனியாத்தான் கிடந்தா."

சுண்டெலியின் அம்மா திரும்பினாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். படத்தைப் போடுங்கள் என்பதுபோல என்னிடம் தலையை மட்டும் அசைத்தாள்.

போட்டேன். கவிழ்ந்த நாற்காலி, தரையில் குழந்தை, மடங்கிய கை. சுண்டெலியின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா திரும்பவில்லை. கதவு திறந்து நாத்தனார் வந்ததும் அதிகாரி போதும் என்றார். கை எப்போது முறிந்தது என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. நாத்தனாரோடு வேலை பார்த்த பெண் எங்கே போனாள் என்று அவர் கேட்டதும் காப்பகத்து அம்மாளின் முகம் வெளிறியது. அவர் கணவர் மேசையடியில் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் சுண்டெலியின் அம்மா.

எதற்கு இந்தச் சித்திரவதை என்று எனக்கு மனசு பதறியது. ஆனாலும் போட்டேன். நடுவில் அவள் திரையில் விரலை வைத்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். முந்தின நாள் நாங்கள் மூவரும் கதவையும் கையையும் பார்த்தோமே தவிர, வேறெதையும் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டைக் குழந்தை குந்தியிருந்ததே, அது சும்மா குந்தியிருக்கவில்லை. சுண்டெலியின் முதுகில் கையை வைத்திருந்தது. தன் குட்டிக் கையைக் குவித்து மூன்று தட்டு தட்டியது, நிறுத்தியது, ஒரு தடவல். மறுபடியும் மூன்று தட்டு. கதவு திறக்கும்வரை அது தட்டிக்கொண்டேயிருந்தது.

"இது என்ன தட்டு?" என்றாள் அவள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "மூணு நாளா ராத்திரி வலியில தூங்க மாட்டேங்குறா. தட்டு தட்டுங்கிறா. எப்படித் தட்டினாலும் இப்படி இல்லன்னு கையைத் தள்ளி விடுறா."

கையை முறித்தாள் என்ற புகார் அன்றே போயிற்று. ஒருத்தியிடம் அத்தனை குழந்தைகளை விட்டதற்காகக் காப்பகத்தின் மேல் விசாரணை திரும்பியது. காப்பகத்தை மூடினார்கள், நாத்தனாரின் வேலையும் போயிற்று. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு அதிகாரி அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதெல்லாம் பிறகு நடந்தது.

அந்தக் கேள்வி வந்ததும் நாத்தனார் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். சுண்டெலியின் அம்மாவின் பக்கத்தில் நின்று, மேசை விளிம்பில் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண்ணும் பார்த்துத் தட்டினாள். விரல்கள் விறைத்திருந்தன, வரவில்லை. நாத்தனார் தயங்கித் தயங்கி அவள் கையைப் பிடித்தாள். என் மணிக்கட்டைப் பிடித்த அதே கைதான். அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கிண்ணமாக்கித் தன் கையால் மூடிக்கொண்டு, மெதுவாகத் தட்ட வைத்தாள். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தடவல். அந்த அம்மா கையை உருவிக்கொள்ளவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.